முன் சீட்டில் யார்

கனடாவிலிருந்து விடுமுறையில் வந்திருக்கும் அண்ணா, நக்கிள்ஸ் மலைக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கிராமத்துக்கு இந்தமுறையாவது போவோமா என்று காலைச் சாப்பாட்டின்போது கேட்டார். நான் வழக்கம்போல பட்டியல் எழுதப் பேனையைத் தேடினேன். கயிறு, டோர்ச், தண்ணீர்க் கான், சிவப்புச் சவர்க்காரம். அதோடு கை நின்றுவிட்டது.

மலைக்காட்டில் அட்டைக்கடிக்கு அதுதான் மருந்து. நனைக்காத சவர்க்காரத்தைக் காலில் தேய்த்துக்கொண்டு நடந்தால் அட்டை ஏறாதாம். இதைச் சொன்னவர் ஜூட், அண்ணாவின் கூட்டாளி. கொழும்பு கொட்டாஞ்சேனையில் அவருடைய அப்பா கடை வைத்து பெயின்ட், சீமெந்து விற்றார். அந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கடையின் வான் வண்டியில் சீமெந்து கொண்டுபோய் வந்த பிறகு ஜூட்டுக்கு வேறு கதையே இல்லை. விடியற்காலையில் மேகம் காலுக்குக் கீழே கிடக்கிறது என்பார். கடைசித் துண்டுக்கு றோட்டே இல்லை, ஓடையில் இறங்கித்தான் வான் ஏறவேண்டும் என்பார்.

அந்த வானுக்கென்று ஒரு வாசம் இருந்தது. வார்னிஷும் ஈரத் தார்ப்பாயும் கலந்தது. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள் அது திரும்பினாலே எனக்குத் தெரிந்துவிடும். நான் அப்போது தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டடப் படவரைவு படித்துக்கொண்டிருந்தேன். படித்த பெருமையில் அடிமட்டத்தோடு வானுக்குக் கீழே படுத்து, ஓடைத் தண்ணீர் எந்த உயரம் வரை வரலாம் என்று அளந்தேன். எழும்பியபோது சட்டை முதுகெல்லாம் ஒயில். ஜூட் சிரிக்கவில்லை. “இஞ்சினியர் அம்மா சொன்னால் சரி,” என்று மட்டும் சொன்னார்.

எல்லாருக்கும் முன்னால் அவரை ‘ஜூட் அண்ணா’ என்றுதான் கூப்பிடுவேன். ஆளில்லாத நேரத்தில் பெயரே சொல்லமாட்டேன். அப்படியொரு நேரத்தில்தான் அவர் சொன்னார்: “மலையால திரும்பி வரேக்க உம்மட அண்ணாவோட கதைக்கிறன்.” என்ன கதைக்கப்போகிறார் என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பயணத்துக்கு நான் பட்ட பாட்டை வீட்டில் எல்லாரும் பகிடி பண்ணினார்கள்.

அது போர்க்காலம், வழியெல்லாம் ஆமிக்காரரின் செக்பொயின்ட். ஓடையைவிட அதுதான் பெரிய கவலை. அதனால் யார் எங்கே இருப்பது என்று முதலிலேயே தீர்மானித்தோம். எல்லாருடைய ஐடென்டிட்டி கார்டையும் மேசையில் பரப்பிவைத்துப் பார்த்தோம். ஜூட்டின் பெயர் பெர்னாண்டோவில் முடிந்தது, சிங்களவர் என்றே நினைப்பார்கள். சிங்களம் அவருக்குத் தண்ணீர் மாதிரி. ஆகவே முன் சீட்டில் ஜன்னலோரம் அவர். வானை ஓட்டுவது அண்ணா. பின்னால் நானும் ஜூட்டின் தங்கையும், வாயைத் திறக்காமல். “நான் இருக்கேக்க உங்களை ஒருத்தரும் கேக்கமாட்டாங்கள்,” என்று ஜூட் சட்டைக் கொலரைத் தூக்கிவிட்டார். எல்லாரும் பெயரைத்தான் பார்த்தோம். அதற்குக் கீழே, பிறந்த இடம் மன்னார் என்று இருந்ததை ஒருவரும் வாசிக்கவில்லை.

புறப்படுவதற்கு முந்தின கிழமை நகரத்தில் குண்டு வெடித்தது. கொட்டாஞ்சேனையில் வீடு வீடாகத் தேடினார்கள். வந்த சிப்பாய் அந்த வரியை வாசித்தான். வடக்கில் பிறந்த தமிழர் என்று ஜூட்டைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சில நாளில் ஜூட்டை விட்டுவிட்டார்கள். ஆனால் அவருடைய அம்மா அதற்குப் பிறகு மகனை வாசலுக்குக்கூட விடவில்லை. ஏஜென்டைப் பிடித்தார். மலைக்கென்று வாங்கிய பையோடுதான் ஜூட் வெளிநாட்டுக்குப் புறப்பட்டார்.

பனி பெய்கிற ஏதோ ஊரிலிருந்து ஒருநாள் ஜூட்டின் ஃபோன் வந்தது. அண்ணா வீட்டில் இல்லை, நான் எடுத்தேன்.

“நாளைக்கு ஒரு மலையை நடந்து தாண்டவேணுமாம்,” என்றார். “இங்க அட்டை இல்லை. சவர்க்காரம் மிச்சம்.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “அங்கால போய்ச் சேர்ந்த உடனே உம்மட அண்ணாவோட கதைக்கிறன். சரியே?”

பக்கத்தில் அம்மா நின்றார்.

“ஓம், ஜூட் அண்ணா,” என்றேன்.

அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. கூடப் போனவர்களில் ஒருவர், பனியில் ஜூட் பின்தங்கிவிட்டார் என்று பிறகு யாருக்கோ சொன்னாராம். ஜூட்டின் அம்மா இன்னும் கோயிலுக்குப் போகிறார். இறந்தவர்களுக்கான பூசையில் மகனுடைய பெயரை இன்னும் கொடுக்கவில்லை.

வானை விற்றுவிட்டார்கள். கடை இருந்த இடத்தில் இப்போது தொடர்மாடிக் கட்டடம். ஓடைக்குமேல் பாலம் வந்து, கிராமம் வரை தார் போட்ட கார்ப்பட் றோட் போய்விட்டதாம். வழியில் ஒரு செக்பொயின்ட்டும் இல்லை. கார்டை யாரும் கேட்கப்போவதில்லை.

“இப்ப ஆர் முன்னுக்கு இருந்தாலும் ஒண்டுதான்,” என்றார் அண்ணா. “நீயே இரன்.”

“நான் பின்னுக்கு இருக்கிறன்,” என்றேன். “அது ஜூட் அண்ணாவின்ர இடம்.”

அண்ணாவுக்கு முன்னால் அந்தப் பெயரை எனக்கு இன்றைக்கும் அப்படித்தான் சொல்ல வருகிறது.