ஒற்றைக் காலில் தண்டை

நான் கதை கட்டுகிறேன் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். 1967 டிசம்பர், நோன்பு மாதம். சிதம்பரத்தில், பட்டப்பகலில், ஆசியா உம்மாளுக்கு இது நடந்தது.

அவள் மகள் ஜொஹராவுக்குப் பிறவியிலேயே குரல்வளைக்குக் குறுக்கே சவ்வு. பிறந்தபோது அழுத சத்தம்கூட வரவில்லை. இரண்டு வயதில் மூச்சுத் திணறவும், கடலூர் ஆஸ்பத்திரியில் கழுத்தில் துளையிட்டு வெள்ளிக் குழாய் வைத்தார்கள். சவ்வை அறுக்கப் பிள்ளை இன்னும் வளரவேண்டுமாம். அதுவரை குழாய்தான் மூக்கு. சளி அடைத்தால் உடனே உள்குழாயை உருவிக் கழுவவேண்டும். அடைத்தாலும் பிள்ளையால் கத்த முடியாது.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் நெல்லிக்குப்பம் பட்டம்மாள் வார்டுக்கு வந்தாள். அவள் மகளுக்கும் இதே குழாய் வைத்திருந்தார்களாம். ஒரு வெள்ளித் தண்டையை நீட்டினாள்.

“கால்ல போட்டு வுடு பாயம்மா. தெணறுனா ஒதைக்கும். சத்தம் கேக்கும்.”

“ஒத்தையா? எம்பொண்ணு என்னா நொண்டியாக்கா?” ஆசியா சிரித்தாள்.

பட்டம்மாள் சிரிக்கவில்லை. “இதான் இருக்கு.”

“ஒம்பொண்ணுக்கு வாணாமா?”

“அவளுக்கு இனிமே தேவப்படாது.”

குணமாகிவிட்டது போலும் என்று ஆசியா வாங்கி, ஜொஹராவின் காலில் போட்டுவிட்டாள்.

இது நடந்த அன்று விடாத மழை. வீட்டில் வேறு யாரும் இல்லை. நோன்பு வைக்க விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்த களைப்பு. நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டுப் பிள்ளை பக்கத்தில் சாய்ந்தவள் கண்ணயர்ந்துவிட்டாள்.

கிலுக்...

விழித்தாள். தண்டைச் சத்தம். பாயிலிருந்து வரவில்லை. கூடத்திலிருந்து வந்தது.

கிலுக்... அப்புறம் மெத்தென்று ஓர் அடி. கிலுக்... மறுபடி மெத்தென்று ஓர் அடி.

சின்னக் கால். வாசல் கதவு தாழ் போட்டிருந்தது.

கிலுக்...

அறைக்குள் வந்தது. ஜொஹராவின் தலைமாட்டில் நின்றது.

யாரும் இல்லை.

ஆசியா மகளைப் பார்த்தாள். கால் அசையவில்லை. தண்டை அசையவில்லை. உதடு நீலம்.

குழாயில் மூச்சில்லை.

உருவினாள். கெட்டிச் சளி.

உஸ்ஸ்...

மூச்சு வந்தது.

கிலுக்... கிலுக்... சத்தம் மழைக்குள் போய்விட்டது.

பெருநாள் கழித்துக் கடலூர் போனபோது, விசாரித்துக்கொண்டு பட்டம்மாளைப் பார்த்தாள்.

“ஒம்பொண்ணு எங்கக்கா?”

“போன ஐப்பசியிலயே போயிட்டா பாயம்மா. கொழாய் அடச்சிக்கிச்சி. நான் அடுப்பாண்ட இருந்தேன். ஒதச்சிருக்கா... மழ சத்தத்துல காதுல வுழல.”

“இன்னொரு தண்ட?”

“கழட்டிப் பாத்தோம். வரல. கால்லயே வுட்டுப் பொதச்சிட்டோம்.”