சுவருக்குள் எரிந்த இருநூற்று நாற்பது வாட்

அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. கிளாம்பு அக்கா என்றால்தான் தெரியும். அவள் இடுப்பில் எப்போதும் ஒரு கிளாம்பு மீட்டர் தொங்கும். கம்பியை அறுக்க வேண்டாம், அதன் வாயைத் திறந்து கம்பியைக் கவ்வவைத்தால் போதும், எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று காட்டிவிடும். பெரிய சலவை நிலையம் ஒன்றில் மின் பழுது பார்ப்பது அவள் வேலை. "சும்மா கிடக்கிற லைனை அளந்து என்ன பிரயோஜனம்? மெஷினை ஓடவிட்டு, லோடு போட்டு அளங்கய்யா!" என்று கூட வேலை பார்க்கிறவர்களை வறுத்தெடுப்பாள். வாய் கொஞ்சம் நீளம்தான். புருஷனுக்கும் இதே தொழில். அவன் இறந்த பிறகு வீட்டில் அவளும் மாமியாரும்தான்.

அவன் கடைசியாகச் செய்த வேலை, அம்மாவின் அறைக்கு ஹீட்டருக்கென்று இழுத்த தனி லைன். குளிர் வந்தால் கிழவிக்கு மூட்டுவலி உயிரை வாங்கும். "என் பிள்ளை கைபட்ட வயரு" என்று அதைப் பொத்திப் பொத்திக் காத்தாள். சுண்ணாம்பு அடிக்க வந்த ஆள் சுவரில் கம்பிகளை இணைத்திருந்த ஜங்ஷன் பெட்டியின் மூடியைக் கழற்றப் போனான் என்று பாதி வேலையில் அவனை விரட்டிவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குளிருக்கு ஹீட்டர் சரியாகக் காயவில்லை.

"அதுக்கும் என்னை மாதிரி வயசாயிடுச்சு போல" என்றாள் மாமியார்.

கிளாம்பு அக்கா ஹீட்டரைப் பிடுங்கிவிட்டுப் பிளக் துளைகளில் மீட்டரின் இரண்டு முனைகளையும் செருகினாள். இருநூற்று முப்பது வோல்ட். குறையே இல்லை. "லைன் நல்லா இருக்கு அத்தை" என்றாள். மாமியார் முகத்தில் அப்படி ஒரு பெருமை. மருமகளுக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது. அதனால்தானோ என்னவோ, ஊருக்கெல்லாம் சொன்ன புத்தி அன்றைக்குத் தன் வீட்டில் வேலை செய்யவில்லை.

மறுநாள் சலவை நிலையத்தில், ஓடாத மெஷினின் லைனை அளந்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றான் ஒருவன். அவனைத் திட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அடிப்பாவி, நேற்று நான் செய்ததும் இதுதானே!

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக எக்ஸ்டென்ஷன் பெட்டியை எடுத்தாள். ஒரு துளையில் ஹீட்டர், பக்கத்துத் துளையில் மீட்டர். ஹீட்டரைப் போட்டதும் இருநூற்று முப்பது இருநூறாக இறங்கியது. ஒற்றைக் கம்பியைப் பிரித்துக் கிளாம்பைக் கவ்வவைத்தாள். எட்டு ஆம்பியர். மெயின் போர்டில் போய்ப் பார்த்தால் அங்கே இருநூற்று முப்பது அப்படியே இருந்தது.

இருநூறை எட்டால் வகுத்தால் இருபத்தைந்து ஓம். அந்த ஹீட்டருக்கு இருக்க வேண்டியதும் அதுதான், அதில் கோளாறு இல்லை. அப்படியானால் வழியில் காணாமல் போன முப்பது வோல்ட்? அதையும் எட்டால் வகுத்தாள். மூன்றே முக்கால் ஓம். நல்ல லைனில் ஒரு ஓம்கூட இருக்காது. முப்பதை எட்டால் பெருக்கினாள். இருநூற்று நாற்பது வாட். நாலு அறுபது வாட் குண்டு பல்பு எரிகிற சூடு, சுவருக்குள்ளே ஏதோ ஓர் இடத்தில் எரிந்துகொண்டிருக்கிறது. அந்த லைனில் இடையில் இருப்பது ஒரே ஒரு ஜாயின்ட். அது இருக்கும் பெட்டி மாமியாரின் தலைமாட்டில்.

ஹீட்டரை அணைத்தாள்.

"அத்தை, பெட்டியைத் திறக்கணும். உள்ள ஜாயின்ட் எரியுது. தீப்பிடிச்சுக்கும்."

"நேத்து நல்லா இருக்குன்னே. இன்னைக்கு என் பிள்ளை வேலையில குத்தம் கண்டுபிடிக்கிறியா?"

"நேத்து நான் தப்பா அளந்துட்டேன்."

"அதெல்லாம் தொடாதே. நீ வேலைக்குப் போனப்புறம் நான் பாட்டுக்குப் போட்டுக்குவேன்."

போட்டுக்கொள்ளவும் செய்வாள், அதுதான் பயம். கிளாம்பு அக்கா அவள் கையைப் பிடித்துப் பெட்டி மூடியின் மேல் வைத்தாள். கிழவி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"ஹீட்டரோட சூடு பட்டிருக்கும்."

"ஹீட்டர் அந்த மூலையில இருக்கு அத்தை."

கிழவி அந்த மூலையையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கட்டிலிலிருந்து எழுந்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

மெயினை அணைத்து மூடியைக் கழற்றியபோது கருகின வாடை குப்பென்று வந்தது. டேப் உருகி வழிந்திருந்தது. அதைச் சுரண்டி எடுத்தவள் கம்பியின் முறுக்கைப் பார்த்தாள். இடப்பக்கமாக முறுக்கியிருந்தது. அவன் வலது கைக்காரன், இப்படி முறுக்கவே மாட்டான். அவள்தான் இடது கைக்காரி. எல்லாம் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவன் இதே பெட்டி முன்னால் நின்றபடி, "குறடு பிடிக்க முடியலடி, கையில பலமே இல்ல. நீ முறுக்கிடு, அம்மாவுக்குத் தெரிய வேணாம்" என்றான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவசர அவசரமாக முறுக்கினாள். சரியாக இறுகவில்லை.

"என்னம்மா? என் பிள்ளை சரியாத்தான் செய்யலையா?"

ஆமாம் என்று சொல்லி அவன்மேல் பழி போட அவளுக்கு மனசு வரவில்லை.

"இது அவரு செஞ்சதில்ல அத்தை. நான் செஞ்சது. அவருக்கு அப்பவே கையில பலம் போயிருந்துச்சு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு."

கிழவி நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"அப்பவேன்னா? எப்போலேருந்து?"

"ஆஸ்பத்திரியில சேர்க்கறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே."

"அந்த ரெண்டு மாசமும் மாடிக்கு அவனைத்தானேம்மா தண்ணி தூக்கவிட்டேன்" என்றாள் கிழவி. "சோம்பேறி, சோம்பேறின்னு வேற திட்டினேன்."