விளக்குப் பெட்டியில் அப்பாவின் படம்

மாரிகுப்பத்தில் என் எக்ஸ்ரே கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது, விளக்குப் பெட்டியில் மாட்டிய ஒரு பழைய மார்புப் படம். அப்பாவுடையது. பெயர் எழுதவில்லை. ஒரே ஒரு ஆள் பார்க்க வேண்டும் என்றுதான் அதை மாட்டி வைத்தேன்.

அப்பா தங்கச் சுரங்கத்தின் நந்திதுர்க் ஷாஃப்டில் இறங்கி வேலை பார்த்தவர். சுரங்கம் அரசாங்கத்துடையது, குவார்ட்டர்ஸ் அரசாங்கத்துடையது, ஆஸ்பத்திரியும் அப்படியே. எல்லாம் இலவசம். எக்ஸ்ரே எடுப்பார்கள், படத்தை மட்டும் கையில் தர மாட்டார்கள். அங்கிருந்த டாக்டர் அப்பாவுக்கு டிபி என்று எழுதினார். டிபி என்றால் அது அப்பாவின் தலைவிதி. சுரங்கத் தூசு நுரையீரலில் படிந்த நோய் என்றால் சுரங்கம் நஷ்டஈடு தர வேண்டும். சம்பளம் கொடுப்பவனே நோய்க்கும் பெயர் வைத்தால் வேறென்ன பெயர் வரும்? பங்காரப்பேட்டையில் காசு கொடுத்து இந்தப் படத்தை எடுத்தோம். தனியார் டாக்டர் பார்த்ததுமே தூசு என்றார். வெளி டாக்டர் சொன்னது செல்லாது என்று சுரங்க ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பியது. அப்பா டிபி மாத்திரையை விழுங்கிக்கொண்டே செத்தார்.

அன்றிலிருந்து இலவசம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வைத்தியத்தை அரசாங்கமே நடத்த வேண்டும் என்று டீக்கடையில் யாராவது பேசினால் சண்டைக்கு நிற்பேன். எதிரில் இன்னொரு கடை இருந்தால்தான் எந்தக் கடைக்காரனுக்கும் பயம் இருக்கும். என் கடைக்கு எதிரிலும் ஒருவன் எக்ஸ்ரே திறந்திருக்கிறான். வயிறு எரிகிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

போன மாதம், டிபி என்று எழுதிய அந்தச் சுரங்க ஆஸ்பத்திரி டாக்டரே எக்ஸ்ரே எடுக்க வந்தார். கைத்தடி, இருமல். என்னை அடையாளம் தெரியவில்லை. பெஞ்சில் பழைய சுரங்கக்காரர்கள் சிலரோடு காத்திருந்தவர், எழுந்து போய் அப்பாவின் படத்தை உற்றுப் பார்த்தார். பழக்கம் விடுமா?

"இன்னா சார் பாக்கறீங்க? டிபிதானே அது?" என்றேன்.

"டிபியா? எவன் சொன்னான்? இது மைன்ஸ் தூசுப்பா. பாத்தாலே தெரியுதே."

"நீங்கதான் சார் சொன்னீங்க. இது எங்கப்பா."

அவர் பெஞ்சைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

பெஞ்சிலிருந்த ஒரு பெரியவர் எழுந்தார். இருமி முடித்துவிட்டு டாக்டர் முன்னால் வந்து நின்றார்.

"அப்ப எனக்கும் டிபி இல்லியா சார்? நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க."

அடுத்து உள்ளே வர வேண்டியவர் டாக்டர்தான். நான் கூப்பிடவில்லை. முதலில் அந்த மனுஷனுக்குப் பதில் சொல்லட்டும்.