கனகசெட்டிகுளம் வரை ஓர் இந்தியப் பயணம்

வேலையை விட்டுவிட்டு பைக்கில் இந்தியாவைச் சுற்றப் போகிறேன் என்று நான் சொல்லாத ஆள் அந்த வருஷம் புதுச்சேரியில் பாக்கியில்லை. டீக்கடையில் சொன்னேன், சலூனில் சொன்னேன், மனைவியின் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில் பந்தியில் உட்கார்ந்தும் சொன்னேன். சேதராப்பட்டு பக்கம் ஒரு மருந்து கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசராக இருந்தேன். மாத்திரை அட்டைகள் பெட்டிக்குள் சரியாகப் போகின்றனவா என்று ஷிப்ட் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. முப்பத்திரண்டு வயதில் இது போதும் என்று தோன்றிவிட்டது. லடாக் வரை போய், வேறு வழியாகத் திரும்புவது என்று திட்டம். அதற்கப்புறம் என்ன செய்வாய் என்று யாராவது கேட்டால் சிரிப்பேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மனைவியின் அண்ணன் நெய்வேலியில் இருந்தார். பெண் கொடுத்த நாளிலிருந்து என்மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. நான் ராஜினாமா கொடுத்தது தெரிந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறி வந்துவிட்டார். நான் உட்கார்ந்திருந்த அதே கூடத்தில், நான் இல்லாதது போல், தங்கையிடம் மட்டும் பேசினார்.

“வேலைய வுட்டுட்டு, பொண்டாட்டிய வுட்டுட்டு ஊர் சுத்தப் போறாராம். எத்தினி நாளைக்கு? பாதியில திரும்பி வந்து நிப்பாரு. அப்போ என்னாண்ட வந்து அழாத.”

என் மனைவி ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அண்ணன் முன்னால் நாற்காலியில்கூட உட்கார மாட்டாள். அன்றைக்கு நின்றபடியே சொன்னாள்.

“அவரு ஒண்ணு சொன்னா செய்வாருண்ணா. பாதியில திரும்பற ஆளு இல்ல. நீ வேணா பாரு.”

அவர் சாப்பிடாமல் கிளம்பிப் போனார். அண்ணன் வெறும் வயிற்றோடு போகிறாரே என்று அவள் சமையலறையில் நின்று அழுதாள். நான் கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்த இந்திய ரோடு மேப்பில் நாக்பூரிலிருந்து மேலே சிவப்புக் கோடு இழுத்துக்கொண்டிருந்தேன்.

புதுச்சேரிக்காரன் வெளியூர் போனால் கையை வீசிக்கொண்டு போக முடியாது. மற்ற ஊர்க்காரர்களிடம் பழமும் இனிப்பும் எதிர்பார்ப்பார்கள். எங்களிடம் எதிர்பார்ப்பது வேறு. கல்யாண வீடாக இருந்தாலும் சரி, கருமாதி வீடாக இருந்தாலும் சரி, செருப்பைக் கழற்றுவதற்குள் யாராவது ஒருவர் தனியாக அழைத்து, “பாண்டியிலருந்து வர்றீங்க, ஒண்ணும் கொண்டாரலியா?” என்பார். வழியில் நான் தங்குவதற்கு மூன்று வீடுகள் ஏற்பாடாகியிருந்தன. எல்லாம் கம்பெனி நண்பர்களின் சொந்தக்காரர்கள். வீட்டுக்கு ஒன்றாக மூன்று பாட்டில் வாங்கினேன். இத்தனைக்கும் நான் குடிப்பதில்லை, அந்த வாசனையே எனக்கு ஒத்துக்கொள்ளாது. எது நல்லது என்று கடைக்காரரிடம் கேட்டு, மாப்பிள்ளை வீட்டுக்குச் சீர் வாங்குகிறவன் போல் பார்த்துப் பார்த்து வாங்கினேன்.

“இதெல்லாம் வேணாங்க. ஆப்பிள் வாங்கிட்டுப் போங்க,” என்றாள் மனைவி.

“ஆப்பிள் விளையற பக்கம் போறவன் ஆப்பிளா தூக்கிட்டுப் போவான்?” என்றேன். பெரிய மடக்கு மடக்கிவிட்டதாக நினைப்பு. பாட்டில்களைத் துண்டில் சுற்றித் துணிகளுக்கு நடுவில் வைத்துக் கட்டினேன்.

கிளம்பிய காலையில் தெருவே வாசலில் நின்றது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றதால் எல்லோரும் சொல்தா என்று கூப்பிடும் கோடி வீட்டுக்காரர், வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு விறைப்பாக எனக்கு ஒரு சல்யூட் வைத்தார். நானும் பதிலுக்கு வைத்தேன். எல்லையில் சண்டைக்குப் போகிறவன் மாதிரி.

முத்தியால்பேட்டையிலிருந்து வடக்கே போனால் கோட்டக்குப்பம் தமிழ்நாடு, பிள்ளைச்சாவடி மறுபடியும் எங்கள் பாண்டி. காலாப்பட்டு, கனகசெட்டிகுளம் வரை எங்களுடையது. அதற்கப்புறம்தான் உண்மையாகவே வெளியூர். அந்த வெளியூரின் வாசலில் ஒரு செக்போஸ்ட்டில் கை காட்டி நிறுத்தினார்கள். எனக்குப் பயமே வரவில்லை. எங்கே போகிறாய் என்று கேட்பார்கள், லடாக் என்று சொல்லலாம் என்று ஆசையோடு நிறுத்தினேன்.

கேட்டார்கள். சொன்னேன். எஸ்.ஐ. என் மூட்டையைப் பார்த்தார், பி.ஒய். என்று ஆரம்பிக்கும் நம்பரைப் பார்த்தார். “மூட்டையப் பிரி,” என்றார்.

மூன்று பாட்டிலும் மேஜைமேல் வரிசையாக நின்றன.

“லடாக்ல குளுருமேன்னு எடுத்துட்டுப் போறியா?”

“இல்ல சார். நான் குடிக்க மாட்டேன்.”

பக்கத்திலிருந்த கான்ஸ்டபிள் வாய்விட்டுச் சிரித்தார். “குடிக்கிறவன்லாம் உள்ளயே ஊத்திக்கிட்டு வந்துடறான் சார். குடிக்காதவன்தான் மாட்டறான்.”

எஸ்.ஐ. சிரிக்கவில்லை. எல்லை தாண்டி சரக்கு வந்தால் வண்டியும் சேர்த்துத்தான் பறிமுதல், கோர்ட்டில் பார்த்துக்கொள் என்றார். பாண்டியில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரியாதா என்று கேட்டார். தெரியும். ஆனால் லடாக்குக்குப் போகிற ஒருவனை இதற்கெல்லாம் யாராவது பிடிப்பார்களா என்றுதான் நினைத்திருந்தேன். மைல் மீட்டரைப் பார்த்தேன். இருபது கிலோமீட்டர்கூட ஆகியிருக்கவில்லை.

ஸ்டேஷன் ஜாமீனில் விட்டபோது மதியம் தாண்டியிருந்தது. துணி மூட்டையும் ஹெல்மெட்டுமாக பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். எங்கள் தெருவில் ஒரு பூனைகூட இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். எல்லோரும் இருந்தார்கள். “இன்னாப்பா, லடாக்கு இவ்ளோ கிட்டயா?” என்று ஒருவர் கேட்டார். சொல்தா மட்டும் கிண்டல் செய்யாமல், “சவா?” என்று பிரெஞ்சில் நலம் விசாரித்தார். நானும் சவா என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மனைவி என்னைப் பார்த்ததும் முதலில் அடி எதுவும் பட்டிருக்கிறதா என்றுதான் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆப்பிள் என்ற வார்த்தையை அவள் எடுக்கவே இல்லை. காப்பி போட்டுக் கொடுத்தாள்.

சாயங்காலம் போன் அடித்தது. அவளுடைய அண்ணன்.

“இன்னாம்மா, எங்க போயிருக்காரு உன் வூட்டுக்காரரு?” அவர் குரல் எனக்கே கேட்டது.

அவள் என்னைப் பார்த்தாள். “நெல்லூர் போய்ச் சேந்துட்டாராம்ணா. இப்பத்தான் பேசினாரு.”

ரிசீவரை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பொய் சொல்லும் பிள்ளைகளை பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்துகிறவள் அவள்.

“சொல்லிடலாம். எத்தினி நாளைக்கு மறைக்கறது?” என்றேன்.

“நான் பேசிக்கறேன். நீங்க சும்மா இருங்க,” என்றாள்.

அண்ணனுக்குப் பொறுமை அதிகம். தினமும் சாயங்காலம் போன் செய்தார். அவளும் தினமும் என்னைக் கொஞ்சம் மேலே கொண்டுபோனாள். ஓங்கோல், விஜயவாடா, வாரங்கல். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மேப் முன்னால் நின்று விரலால் அளப்பாள். ஒரு நாளில் பைக் எவ்வளவு தூரம் போகும் என்று என்னிடம் கேட்டுக்கொள்வாள். நான் வெளியே தலைகாட்டாமல், டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, அவள் பேசும்போது இருமல் வந்தால் தலையணையில் வாயைப் புதைத்துக்கொண்டு கிடந்தேன். பெண்டாட்டியின் பொய்க்குள் ஒளிந்துகொண்டிருக்கிற ஆண்பிள்ளைக்கு வேறு என்ன வேலை?

ஆனால் நாளாக ஆக அவள் குரல் மாறியது. பேசி முடித்து முகத்தைத் துடைத்துக்கொள்வது நின்றுவிட்டது. விஜயவாடாவில் ஆற்றுப் பாலம் முடியவே மாட்டேன் என்கிறதாம் என்றாள். நாக்பூர் தாண்டினால் காடாம், ரோட்டில் குரங்குகள் உட்கார்ந்திருக்கின்றனவாம். பள்ளிக்கூட நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் வேறு எடுத்து வந்திருந்தாள். அண்ணன் சீண்டுவதை மறந்து, “அப்புறம்?” என்று கேட்க ஆரம்பித்திருந்தார்.

ஒரு நாள் போனில் சொன்னாள்: “ஆக்ரா வந்துட்டாராம்ணா. ஆமா. ரெண்டு நாள் தங்கிட்டுத்தான் கிளம்புவாராம்.”

அவள் போனை வைத்ததும் அறையிலிருந்து வெளியே வந்தேன். “ஆக்ராவுல எதுக்கு ரெண்டு நாளு? நான் அங்க நிக்கறதாவே இல்லியே. நேரா டில்லிதான்.”

“அது எப்படிங்க? ஒரு வாட்டி பகல்ல பாக்கணும். ஒரு வாட்டி நெலா வெளிச்சத்துல பாக்கணும். அவ்ளோ தூரம் போய்ட்டு பாக்காம வர முடியுமா?”

எனக்காகச் சொல்லவில்லை அவள். என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

ஒரு வருஷமாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீயும் வர்றியா என்று அவளிடம் ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. செக்போஸ்ட்டிலும் தெருவிலும் பட்ட வெட்கத்தை எல்லாம் சேர்த்தாலும் அன்றைக்கு அந்தக் கூடத்தில் நின்ற வெட்கத்துக்குக் கால்வாசி வராது.

அவள் உள்ளே போய் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள். பின்னாலேயே போய் நின்றேன். இப்போதாவது கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வா என்று கூப்பிட என்னிடம் வண்டியும் இல்லை, வேலையும் இல்லை. இரண்டு தோசை போதும் என்று மட்டும் சொன்னேன்.