பூவிழி போடும் வலைமுடிச்சு

டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்ததும் பூவிழி முதலில் மண்டியிடுகிறார். ஈரத் தரையில் ஒரு சாக்கு, அதன்மேல் முழங்கால். தலை ஸ்டியரிங்குக்குக் கீழே மறைந்துவிடும். வெளியே தெரிவது தூக்கிச் செருகிய புடவையும், தண்ணீரில் ஊறி வெளுத்த பாதங்களும்தான். உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும்.

“மூத்தது சரி. நடுவுல உள்ளது சரி. கடக்குட்டி, நீ என்னா பண்ற?”

மூத்தது கிளட்ச். நடுவில் உள்ளது பிரேக். கடைக்குட்டி ஆக்சிலேட்டர். “வூட்ல மாதிரிதான்க்கா. வம்பு பூரா கடக்குட்டிதான் பண்ணும்.”

முதலியார்பேட்டையில் கடலூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், தகரக் கொட்டகை போட்ட வாட்டர் சர்வீஸ். எட்டு வருடமாகப் பூவிழி அங்கே கார் கழுவுகிறார். வயது நாற்பத்து மூன்று. தேங்காய்த்திட்டிலிருந்து நடந்தே வந்து ஏழு மணிக்கெல்லாம் பம்ப்பைப் போட்டுவிடுவார். கார் ஓட்டத் தெரியாது. டிரைவர் சீட்டில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. “ஈரப் பொடவ. சீட்டு பாழாயிடும்.” பெடல்களைக் கையால் அழுத்தித்தான் பார்ப்பார்.

நான் வருடத்தில் இரண்டு மாதம் ஊருக்கு வருகிறவள். பிரெஞ்சிலும் தமிழிலும் படித்ததால் கார் ஓட்டப் பயப்படுவதையும் இரண்டு மொழியிலும் செய்வேன். தம்பியின் காரைப் பூவிழியிடம் காட்டாமல் எடுத்துக்கொண்டு நெரிசலான நூறடி சாலைக்குப் போனதில்லை.

கொட்டகைச் சுவரின் விளிம்பில், பெடல்களுக்கு அடியிலிருந்து அவர் மீட்டெடுத்தவை வரிசையாக இருக்கும். நசுங்கிய தண்ணீர் பாட்டில். குழந்தையின் ஒற்றை ஷூ. வண்டிக்குப் பூசை போட்டு மிஞ்சி, காய்ந்து மரக்கட்டையான எலுமிச்சம்பழம் மூன்று. யாரும் கேட்டு வராத ஒரு பல் செட்டும் உண்டு.

ஆனால் அவருக்கு முதல் எதிரி கார்ப்பெட். நம்மவர்கள் கார் வாங்கினால் கம்பெனி கொடுத்த மேட் அழுக்காகக்கூடாதென்று அதன்மேல் இன்னொன்று விரிப்பார்கள். அதுவும் அழுக்காகக்கூடாதென்று அதற்கு மேல் ஒன்று. அடியில் இருப்பது தரைக் கொக்கியில் மாட்டியிருக்கும். மேலே இருப்பது சும்மா கிடக்கும். குதிகால் உதைக்க உதைக்க நகர்ந்து, பெடலுக்குக் கீழே மூக்கை நுழைக்கும்.

பூவிழி மேல்மேட்டை எடுத்து வெளியே போட்டுவிடுவார். வேண்டும் என்று சொந்தக்காரர் அடம்பிடித்தால், அதன் பின் மூலைகள் இரண்டிலும் ஓட்டை போட்டு, நைலான் கயிறு கோத்து, சீட்டைத் தரையோடு பிடித்திருக்கும் இரும்புக் காலில் கட்டிவிடுவார். அண்ணன் இராமதாஸ் துறைமுகத்தில் வலை பழுது பார்ப்பவர். அங்கே மிஞ்சும் கயிறுதான் இங்கே வருகிறது. முடிச்சும் வலைமுடிச்சுதான்.

“கடல்ல நழுவாதது கார்ல நழுவுமா?”

நான்கு வருடத்துக்கு முன்னால், அவர் கழுவி மேட் விரித்த கார் ஒன்று பின்னால் எடுக்கும்போது நிற்காமல் போய்த் தண்ணீர்த் தொட்டியை உடைத்தது. தரைக் கொக்கியில் மாட்டாமல் விட்டது அவர்தான். அதை மறைப்பதில்லை. “நான் வச்ச மேட்டுக்கா. தொட்டிக்குப் பின்னாடி ஒருத்தரு டீ குடிச்சினு இருந்தாரு. ஒரு அடி தள்ளி இருந்தாரு, அவ்ளோதான்.” அன்றிலிருந்து கட்டாமல் ஒரு வண்டியையும் விடுவதில்லை.

போன மாதம் ஒரு நாள் சுப்பிரமணியனின் புது வண்டியைக் கழுவி, அதற்கும் கட்டியிருந்தார். சுப்பிரமணியனுக்கு எட்டு டாக்சி ஓடுகின்றன. கொட்டகைக்குப் பெரிய வாடிக்கை அவர்தான். வண்டியை எடுக்க வந்தவர், அதற்கு முந்தின வாரம்தான் லைசென்ஸ் வாங்கிய மகள் தீபலட்சுமியை ஸ்டியரிங்கில் உட்காரவைத்துவிட்டு, குனிந்து, மேட்டின்மேல் தான் போட்டிருந்த மெரூன் கார்ப்பெட்டைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

“என்னாம்மா இது, காரா கட்டுமரமா? புது வண்டில ஓட்ட போட்டு வச்சிருக்க. மீன் வாட அடிக்குது!”

“கட்டலன்னா முன்னாடி போவும் சார்.”

“ஓட்டத் தெரியாதவ எனக்குச் சொல்லிக் குடுக்கிறியா?”

பாக்கெட்டிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தார். கார்ப்பெட்டைச் சுருக்கமில்லாமல் முன்னால் தள்ளி விரித்தார். கொட்டகை முதலாளி ராஜவேல் ஓடிவந்தார்.

“எத்தினி தபா சொல்றது பூவிழி? இன்னொரு வண்டில கயித்த பாத்தேன், நாளைலேர்ந்து நீ வர வாணாம்.”

பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்த நான் எழுந்துவிட்டேன். பூவிழி வீட்டில் மாதச் சம்பளம் என்று வருவது இது ஒன்றுதான். பூவிழி அறுந்த கயிற்றைப் பொறுக்கி வளையலில் சுற்றிக்கொண்டார். பிறகு நேராகப் போய்ப் புது வண்டியின் பானெட்டுக்கு முன்னால் நின்றார்.

“ஓட்டத் தெரியாது சார். நிக்கலன்னா என்னா ஆவும்னு தெரியும். மொதலாளி, வேலய அப்பறமா எடுத்துக்கங்க. பாப்பா, சாவியத் தொடாத. வலது கோடில இருக்கறத அடி வரைக்கும் மிதி. இன்னும். ம். இப்ப கால எடு.”

கால் மேலே வந்தது. பெடல் வரவில்லை.

“அப்பா, கீழயே நிக்குதுப்பா.”

“கால எடும்மா.”

“எடுத்துட்டேன்பா, பாருங்க!” தீபலட்சுமி இரண்டு காலையும் சீட்டின்மேல் மடக்கிவைத்துக்கொண்டாள். கார்ப்பெட்டின் தடித்த ஓரம் கடைக்குட்டியைக் கவ்விப் பிடித்திருந்தது.

சுப்பிரமணியன் பெடலைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பானெட்டுக்கு முன்னால் நின்றவரைப் பார்த்தார். அவள் சாவியைத் திருப்பியிருந்தால் என்று அவர் கணக்குப் போட்டது நெற்றியிலேயே தெரிந்தது. கத்தியை மடக்கிப் பாக்கெட்டில் வைத்தார்.

“வேற கயிறு இருக்காம்மா?”

“இருக்கு சார். மீன் வாட அடிக்கும்.”

“அடிக்கட்டும்மா.”

முதலில் சிரித்தது ராஜவேல்தான். அதன்பின் அவர் நாளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலையில் நான் போனபோது எட்டு டாக்சியும் தெருவை அடைத்து நின்றன. டிரைவர்கள் வெளியே நின்று, “எங்க வண்டிக்கும் கடக்குட்டி இருக்கு, மறந்துடாதக்கா” என்று கலாய்த்துக்கொண்டிருந்தார்கள். ராஜவேலே ஓட்டை போடும் ஊசியைப் பிடித்திருந்தார். பூவிழி ஒவ்வொரு வண்டியாக மண்டியிட்டு, இரண்டு முடிச்சு போட்டு, இரண்டு முறை இழுத்துப் பார்த்து எழுந்தார். வளையலில் சுற்றிவைத்த அறுந்த கயிற்றையும் வீணாக்கவில்லை. எட்டாவது வண்டியின் ஒரு மூலைக்கு அது போதுமாக இருந்தது.

அதைக் கட்டி முடித்ததும் சுப்பிரமணியன் கதவை அகலத் திறந்து பிடித்தார்.

“நீயே ஏறி மிதிச்சுப் பாத்து சொல்லும்மா.”

“ஈரப் பொடவ சார்.”

“ஈரமாவட்டும்.”

பூவிழி பாதங்களைச் சாக்கில் துடைத்துக்கொண்டு ஏறினார். எட்டு வருடத்தில் முதல்முறையாக டிரைவர் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தார். வலது காலால் கடைக்குட்டியை அடிவரை மிதித்து, சட்டென்று விட்டார். டப்பென்று மேலே வந்தது. இன்னொரு முறை. வந்தது. இறங்குவார் என்று பார்த்தோம். இறங்கவில்லை. கண்ணாடி வழியாக எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் ஸ்டியரிங்கின் நடுவில் வைத்து, தெருக்கோடி வரை எல்லா வீட்டிலும் தலை எட்டிப் பார்க்கும் அளவுக்கு, நீளமாக ஒரு ஹாரன் அடித்தார்.