கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற பதினைந்து நிமிடம்

தாம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. "மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிச்சுக்கோங்க, இப்ப விடுங்க." பதினான்கு வருடமாக இதைத்தான் ஒரு நாளைக்கு நாற்பது பேரிடமாவது சொல்கிறேன். நான் சொன்னால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவரின் மூச்சு நிற்கும். அதனால் என் குரலைப் பற்றி எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. வார இறுதி நாடகப் பயிற்சிக்கு ஆட்கள் தேவை, முன் அனுபவம் வேண்டாம் என்று எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது, நேராகக் கதாநாயகி வேடம் கேட்கிற நினைப்பில்தான் போனேன்.

குழுவை நடத்தியவள் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிற பெண். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். நாடகத்தை எழுதியதும் அவள்தான். முதல் நாளே ஒரு விதி சொன்னாள்: மேடையில் ஏறுகிற ஒவ்வொருவரும் மேடைக்குப் பின்னால் ஒரு வேலையை ஏற்க வேண்டும், மேடையேறாமல் பின்னால் மட்டும் நிற்கவும் அனுமதி இல்லை. எல்லோரையும் படிக்க வைத்துக் கேட்டுவிட்டு எனக்குக் கொடுத்தது பக்கத்து வீட்டுக்காரி வேடம். நான்கு வரி வசனம். பின்வேலையாகக் கதவு.

"கதவா?" என்று கேட்டேன்.

"செட்ல ஒரே ஒரு கதவுதான்க்கா. அது சரியா நின்னாதான் நாடகம் நிக்கும்," என்றாள்.

கதை எளிமையானது. வாடகை வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பெண். ஒரு நாள் மாலை பக்கத்து வீட்டுக்காரி வாசல் கதவு வழியாக வந்து, வாங்கிப் போன பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்து, நான்கு வார்த்தை பேசிவிட்டுப் போகிறாள். பிறகு மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரர் எதிர்ப்பக்கப் படி வழியாக இறங்கி வந்து, ஒரு வாரத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டு, வாசல் கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே போகிறார். கதவு அறையும் அந்தச் சத்தம்தான் நாடகத்தின் உச்சம் என்று எழுதியிருந்தாள்.

ஒத்திகை பொழிச்சலூரில் ஒரு டியூஷன் சென்டரின் மொட்டை மாடியில் நடந்தது. தலைக்கு மேல் விமானம் இறங்கும். யார் எந்த வார்த்தையில் இருந்தாலும் அங்கேயே நிறுத்தி, இரைச்சல் அடங்கியதும் அதே வேகத்தில் தொடர வேண்டும். முதல் இரண்டு வாரம் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாவது வாரம் பழகிவிட்டது. என்னுடைய சிக்கல் வேறு. என் நான்கு வரியைக் கணீரென்று சொல்லிவிடுவேன். மற்றவர் பேசும்போது என்ன செய்வது என்று தெரியாது.

"அக்கா, அவங்க பேசறப்ப நீங்க அடுத்த பஸ்ஸுக்கு வெயிட் பண்ற மாதிரி நிக்கறீங்க," என்றாள் இயக்குகிற பெண். எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. பார்த்துவிட்டதால் மட்டும் அது சரியாகிவிடவில்லை.

கதவு வேலை அதைவிட நன்றாக வந்தது. வீட்டுக்காரராக நடித்தவர் பம்மலில் கதவு, ஜன்னல் செய்து பொருத்தும் பட்டறை வைத்திருந்தார். நாங்கள் எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிட்டோம். ஆறடி உயரம், மென்மையான ஆள். குழுவில் சேர்ந்ததே ஒரு முறையாவது மேடையில் கோபப்பட வேண்டும் என்றுதான் என்று சொல்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பட்டறையிலேயே மரச்சட்டமும் பிளைவுட்டும் வைத்துச் சுவர் போன்ற ஒரு தட்டியும் அதன் நடுவில் கதவும் செய்தோம். அவர் அளவு சொல்வார், நான் அறுப்பேன். டிரில் மெஷினை முதலில் பிடித்தபோது ஓட்டைகள் கோணலாக விழுந்தன. ஒரு மணி நேரத்தில் நேராக விழத் தொடங்கின. நான் தனியாக ஒரு கீல் பொருத்தி, கதவு கிறீச்சிடாமல் திறந்து மூடியதைப் பார்த்தபோது கிடைத்த சந்தோஷம், ஒத்திகையில் எனக்கு அதுவரை கிடைத்ததில்லை.

நாங்கள் செய்த முதல் தட்டி, நிறுத்திய உடனே முகம் குப்புற விழுந்தது. பாய் பதறவில்லை.

"மேடம், இது வூட்டுச் சுவர் இல்ல. தானா நிக்காது. பின்னாடி கால் குடுத்து, கால் மேல வெயிட்டு வெச்சாத்தான் நிக்கும். இல்லன்னா முன்னாடி இருக்கிறவங்க மண்டைலதான் வரும்," என்றார்.

பின்பக்கம் இரண்டு சாய்வு முட்டுகள் கொடுத்தோம். மேடைத் தரையில் ஆணி அடிக்க விடமாட்டார்கள் என்பதால் ஒவ்வொரு முட்டின் மேலும் ஒரு மணல் மூட்டை. மூட்டைகளை நானே தைத்தேன். கதவை எத்தனை முறை அறைந்தாலும் தட்டி அசையவில்லை.

முதல் நாடகம் கூடுவாஞ்சேரியில் ஒரு சமூகக் கூடத்தில், ஞாயிறு மாலை. கூடம் நிறைந்துவிட்டது. நாடகம் தொடங்கிய பிறகு ஒரு டிரங்குப் பெட்டியை மேடைக்குத் தள்ள வேண்டியிருந்தது. தட்டிக்குப் பின்னால் இடம் குறுகல். வழியை அடைத்த ஒரு மணல் மூட்டையைத் தூக்கி ஓரமாக வைத்தேன். பெட்டி போனது. மூட்டையைத் திரும்ப வைப்பதற்குள் என் முறை வந்துவிட்டது. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து உள்ளே போனேன்.

கதவைத் திறந்த கையோடு சட்டமும் சேர்ந்து வந்தது. இரண்டு விரல் அளவுதான். மேடைக்குள் வந்து நிமிர்ந்து பார்த்தபோது தட்டியின் மேல்விளிம்பு முன்னால் சாய்ந்திருந்தது. நேர் கீழே, டிரங்குப் பெட்டியின் மேல், வாடகைக்காரியாக நடிக்கும் பெண் உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் பின்னால் வேறு யாரும் இல்லை. பாய் எதிர்ப்பக்கம் இருட்டில் நின்றிருந்தார். நான் சுற்றிப்போய் மூட்டையை வைப்பதற்குள் தட்டி விழலாம். விழாவிட்டாலும் கடைசியில் கதவை அறையும்போது நிச்சயம் விழும்.

முதுகைச் சட்டத்தில் கொடுத்துச் சாய்ந்து நின்றேன். என் நான்கு வரியையும் சொன்னேன். பிறகு நான் போக வேண்டும். போகவில்லை.

வாடகைக்காரி என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் விடாமல், "வேலை எதுவும் இல்லையா உங்களுக்கு?" என்று கேட்டாள். எழுதப்படாத வசனம்.

"கொஞ்ச நேரம் நிக்கறேனே. கால் வலிக்குது," என்றேன்.

கூடத்தில் லேசான சிரிப்பு. பாய் படியிறங்கி வந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினார். அவர் கண் என் தலைக்கு மேலே போனதைப் பார்த்தேன். தட்டி செய்தவருக்கு இரண்டு விரல் சாய்வு போதும். புரிந்துகொண்டார். புரிந்ததை முகத்தில் காட்டாமல் வீட்டைக் காலி செய்யச் சொல்லிப் பேசத் தொடங்கினார்.

நாற்பது முறையாவது ஒத்திகையில் கேட்ட காட்சி அது. அன்றைக்குத்தான் கேட்டேன். முதுகில் பாரம் இருந்ததால் என் முகம் எப்படி இருக்கிறது, கையை எங்கே வைப்பது என்ற கவலை எதுவும் இல்லை. வீட்டுக்காரர் ஒவ்வொரு வாக்கியம் சொல்லும்போதும் அந்தப் பெண் புடவைத் தலைப்பை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பது தெரிந்தது.

பேசி முடித்து பாய் என்னை நோக்கி வந்தார். அவர் ஆறு வாரம் காத்திருந்த கோபம் அந்தக் கதவில்தான் இருந்தது. என்னைக் கடந்து வெளியே போய், கைப்பிடியைப் பிடித்து, சத்தமே வராமல் கதவை இழுத்துச் சாத்தினார். கூடம் முழுக்க அமைதி. சில நொடிகளில் முதுகிலிருந்த பாரம் குறைந்தது. பின்னால் அவர் மூட்டையைத் தேடி எடுத்து வைத்துவிட்டார் என்று தெரிந்தது. இனி நான் போகலாம். ஆனால் பெட்டி மேல் தனியாக உட்கார்ந்திருந்தவளை விட்டுப் போக மனம் வரவில்லை. விளக்கு அணையும்வரை நின்றேன்.

முடிந்ததும் முதலில் கிடைத்தது திட்டு. நாடகத்தை எழுதிய பெண் மேடைக்குப் பின்னால் வந்து, மூட்டையை எடுத்தது யார் என்று கேட்டாள். நான்தான் என்றேன். ஒரு ஆள் மேல் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு காட்சிக்கும் முன்பு சரிபார்க்க ஒரு பட்டியல் எழுதி ஒட்டுகிறேன். மூட்டையை எடுத்தவளே எழுதியது என்பதால் குழுவில் யாரும் அதை மீறுவதில்லை.

நாங்கள் தட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பார்வையாளர்களில் ஒரு பெண்மணி மேடையோரம் வந்தார். பாராட்டப் போகிறார் என்று நினைத்துத் திரும்பினேன்.

"கடைசி வரைக்கும் அங்கயேதானே நின்னீங்க? அவளுக்காக ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?" என்றார். உண்மையான கோபம். நான் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவர் பார்த்தது அதை அல்ல.

அந்தக் கேள்வியை அப்படியே குழுவிடம் சொன்னேன். அடுத்த மேடையேற்றம் காட்டாங்குளத்தூரில், கல்லூரி மாணவர்களுக்கு முன்னால். பக்கத்து வீட்டுக்காரி கடைசிவரை நிற்கட்டும், எனக்கு இன்னும் ஐந்தாறு வரி எழுதித் தருகிறேன் என்றாள் அந்தப் பெண். பாய்க்குத்தான் வருத்தம்.

"கடைக்கு வர்ற கஸ்டமர் எல்லார்கிட்டயும் கதவ பதமா சாத்துங்கன்னு சொல்லிகினே கீறேன். இங்கயாவது ஒரு தபா அறையலாம்னு பாத்தேன்," என்றார். சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் கதவை அன்று சாத்தியது போலவே சாத்த ஒப்புக்கொண்டார்.

எனக்கு வரிகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு வார்த்தை பேசிவிட்டால் பக்கத்து வீட்டுக்காரிக்கு மனசாட்சி இருக்கிறது என்று ஆகிவிடும். பேசாமல் நிற்கிறவள்தான் அந்தப் பெண்மணியைக் கோபப்படுத்தியவள். இயக்குகிறவளிடம் இவ்வளவு நிச்சயமாக நான் அதற்கு முன் எதையும் சொன்னதில்லை. அவள் யோசித்துவிட்டு, சரி என்றாள்.

ஒத்திகையில் நின்று பார்த்தால் பழைய கதைதான். தட்டி இப்போது அசையாமல் நின்றது. நான் மறுபடியும் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். இரண்டு வாரம் திணறிய பிறகு கையிலிருந்த பாத்திரத்தைப் பார்த்தேன். யாராவது காலிப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பார்களா? அடுத்த ஒத்திகைக்கு அதில் விளிம்பு வரை ரசம் ஊற்றிக்கொண்டு வந்தேன். சுடச்சுட. கீழே வைக்க இடம் தேடிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்காரர் வந்துவிடுகிறார். அதற்குப் பிறகு கொடுக்கவும் முடியாது, வைக்கவும் முடியாது, சிந்தவும் கூடாது. பத்து நிமிடம் அதை ஏந்திக்கொண்டு நின்றேன். ஒத்திகை முடிந்ததும் இயக்குகிறவள் தன் குறிப்பேட்டில் 'ரசம்' என்று எழுதிக்கொண்டாள்.

காட்டாங்குளத்தூரில் முதல் வரிசை வரைக்கும் வாசனை போனது. ஆரம்பத்தில் மாணவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்காரர் பேசத் தொடங்கிய பிறகு சிரிப்பு நின்றது. பாய் கதவைச் சாத்திய பின் யாரும் கைதட்டவில்லை. கைதட்டல், விளக்கு மறுபடி எரிந்த பிறகுதான் வந்தது. நிறைய வந்தது.

இப்போது அடுத்த நாடகத்துக்கு ஒத்திகை நடக்கிறது. இரண்டு கதவும் ஒரு ஜன்னலும் உள்ள செட். அதைச் செய்யும் பொறுப்பு முழுவதும் என்னுடையது; பாய் எனக்கு உதவிக்கு. முக்கிய வேடத்தையும் நானே கேட்டேன். ஏன் உங்களுக்குத் தர வேண்டும் என்று இயக்குகிறவள் கேட்டாள். மற்றவர்கள் பேசும்போது என்ன செய்ய வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும் என்றேன். கொடுத்துவிட்டாள்.