இடது பக்கக் கண்ணாடி

போன வியாழக்கிழமை உக்கடம் போகும் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவர் என்னையே உற்றுப் பார்த்தார். இந்தப் பத்தியின் மூலையில் வாராவாரம் அச்சாகும் போட்டோவோடு என் முகத்தை ஒப்பிடுகிறார் என்று புரிந்தது. போட்டோ கொஞ்சம் பழசு. அதனால் நேரம் பிடித்தது.

"ஏனுங்க, காரப் பத்தி எழுதறது நீங்கதானுங்க?"

ஒப்புக்கொண்டேன்.

"ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்துப்போட்டு நீங்க பஸ்ல தொங்கீட்டு வாரீங்க. வண்டி மக்கர் பண்ணுதுங்களா?"

பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் உக்கடம் வருவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. வண்டி நல்ல கண்டிஷன் என்று மட்டும் சொன்னேன். அவர் நம்பவில்லை. இந்த வாரம் அவருக்காக.

வண்டி நிஜமாகவே நல்ல கண்டிஷன். மில்லில் பராமரிப்பு இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சுற்றுகிற எதையும் எண்ணெய் போடாமல் விட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை காபி முடிந்ததும் பானெட்டைத் திறப்பேன். ரேடியேட்டர் மூடியை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் திறக்க வேண்டும். சூட்டில் திறப்பவர்களுக்கு முகத்தில் வெந்நீர் அபிஷேகம் நடக்கும். ஆயில் குச்சியை ஒருமுறை துடைத்துவிட்டு, மறுபடி விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். முதல் தடவை அது சொல்வது பொய். பேட்டரி முனையில் பூக்கும் வெள்ளைப் பொடியைக் கழுவி, கிரீஸ் தடவ வேண்டும். டயரில் காற்றுப் பார்ப்பது வண்டி ஓடுவதற்கு முன்னால். ஓடிச் சூடான பிறகு பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும். ஸ்டெப்னிக்கும் காற்று அடிக்க வேண்டும் — நம் ஆட்கள் அதைப் பஞ்சரான அன்றைக்குத்தான் நினைக்கிறார்கள்.

எல்லாம் இருந்தது என் காரில். இடது பக்கக் கண்ணாடி மட்டும் இல்லை.

நீங்களும் வாசலில் போய் உங்கள் காரைப் பாருங்கள். பலரிடம் இருக்காது. வலது கதவில் ஒரு கண்ணாடியை வைத்து அனுப்பிவிடுகிறார்கள். இடது பக்கம் வேண்டுமென்றால் நாமே வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். ஏன் அப்படி? இடது சீட்டில் எப்போதும் ஒருவர் இருப்பார் என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ...

என் விஷயத்தில் அது சரியாகவே இருந்தது. என் மனைவி இருந்தாள். வீட்டில் அம்மணி என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அவளுக்குக் கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாது. ஆனால் நான் இடது பக்க இண்டிகேட்டரைப் போட்டதும் பேச்சைப் பாதியில் நிறுத்துவாள். கழுத்தை முழுசாகத் திருப்பிப் பின்னால் பார்ப்பாள். 'இருங்க' என்றால் சைக்கிள். 'இருங்க இருங்க' என்றால் பஸ். 'போலாங்க' என்றால் போகலாம். திரும்பி முடித்ததும், விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வாள்.

சண்டை போட்டுக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்த நாட்களிலும் அந்தப் 'போலாங்க' மட்டும் தவறியதில்லை. சில நாட்களில் எங்களுக்குள் நடந்த பேச்சே அவ்வளவுதான்.

மகள் பிரசவத்துக்கு இங்கே வந்திருந்தாள். பேத்தியைத் தூக்கிக்கொண்டு பெங்களூருக்குத் திரும்பியபோது அம்மணியும் துணைக்குப் போனாள். மூன்று மாதம் என்று பேச்சு. மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறவர்கள். மூன்று மாதம் வருஷத்தைத் தாண்டிவிட்டது. குழந்தை தவழ்ந்தது, நின்றது, நடந்தது — எல்லாவற்றையும் எஸ்.டி.டி. பூத்தில் நின்றபடி காதால் பார்த்தேன். எப்போது வருகிறாய் என்று கேட்கத்தான் ஒவ்வொரு ஞாயிறும் போவேன். எனக்குப் பின்னால் நாலு பேர் காத்திருப்பார்கள். வண்டி நன்றாக ஓடுகிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன்.

சில மாதங்களுக்கு முன்னால் உக்கடம் குளத்தை ஒட்டி வந்துகொண்டிருந்தேன். இடது பக்கம் திரும்ப வேண்டும். இண்டிகேட்டர் போட்டேன். வேகத்தைக் குறைத்தேன். "போலாமா?" என்று வாய்விட்டுக் கேட்டேன்.

காலி சீட்டிடம்! பதிலுக்குக் காத்திருக்கவும் செய்தேன். அப்புறம்தான் உறைத்தது. வெட்கத்தோடு வண்டியைத் திருப்பினேன்.

கீச்சென்று ஒரு உரசல். அதைத் தொடர்ந்து படபடவென்று இறக்கைச் சத்தம். இரண்டு பக்கமும் பல்லடத்துக் கோழிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டபடி ஒரு மொபெட், என் இடது கதவோடு ஒட்டி நின்றது. ஓட்டியவர் காலை ஊன்றிச் சமாளித்துவிட்டார். அவருக்கு அடியில்லை, கோழிகளுக்கும் இல்லை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க, உங்க ஊட்டுல எடது பக்கம்னு ஒண்ணு கெடையாதுங்களா?"

இந்த ஊரில் கோபத்துக்கும் 'ங்க' உண்டு.

"இல்லீங்க" என்றேன்.

அங்கிருந்து நேராக, உக்கடத்தில் கார் சாமான் கடை வைத்திருக்கும் சலீம் பாயிடம் போனேன். கதவில் ஓட்டை போட்டுக்கொண்டே அவர், இத்தனை வருஷம் இது இல்லாமல் எப்படி ஓட்டினேன் என்று கேட்டார். சம்சாரம் பார்த்துச் சொல்லுவாங்க என்றேன். டிரில்லிங் மெஷின் நின்றது. பாய் குரலைத் தாழ்த்தினார்.

"எப்பங்க சார் ஆச்சு?"

"பெங்களூர்ல பேத்தியப் பாத்துக்கறாங்க, பாய்."

அவருக்கு உயிர் வந்தது. மெஷினுக்கும். ஓட்டையின் விளிம்பில் ரெட் ஆக்ஸைடு தடவாமல் ஸ்குரூவை முடுக்கக் கூடாது, துரு பிடிக்கும் என்று சொல்லித் தடவ வைத்தேன். நீங்களும் மறக்காதீர்கள். கண்ணாடி அருமையாக வேலை செய்தது. சைக்கிள், பஸ், கோழி எல்லாம் தெரிந்தது. பேசாது. அவ்வளவுதான்.

இந்த மாதம் பல்லடத்தில் அம்மணியின் தம்பி மகளுக்குக் கல்யாணம். மகள் லீவு போட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, ஒரு வாரம் இருக்கிற மாதிரி மாப்பிள்ளை அம்மணியைக் காரில் கொண்டுவந்து விட்டுப் போனார். இந்தத் தடவை கேட்டுவிடுவது என்று நான் முடிவு செய்திருந்தேன். இங்கேயே இருந்துவிடு என்று. கேட்பதற்குக் கார்தான் தோது. முகத்தைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசலாம்.

கல்யாணத்துக்குக் கிளம்பினோம். இடது கதவைத் திறக்கப் போனவள் கண்ணாடியைப் பார்த்தாள்.

"என்ற எடத்துக்கு ஆளு போட்டுட்டீங்களாட்ட இருக்குது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் திருச்சி ரோட்டில் சிங்காநல்லூர் தாண்டியது, சூலூர் தாண்டியது — ஒரு தடவையும் கழுத்தைத் திருப்பவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு, டிக்கெட் எடுத்த பயணி மாதிரி வந்தாள். கண்ணாடி தன் வேலையைச் செய்தது. அத்தனை பத்திரமாக நான் ஓட்டியதேயில்லை. அத்தனை தனியாகவும்.

பல்லடத்தில் இடது பக்கம் திரும்ப வேண்டும். இண்டிகேட்டர் போட்டேன். கண்ணாடியில் ஒரு லாரி, எங்கேயோ தூரத்தில். போயிருக்கலாம். போகவில்லை. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

"அதா, கண்ணாடியில தெரியுதில்லீங்க?" என்றாள்.

"இது வளைஞ்ச கண்ணாடி அம்மணி. கிட்ட இருக்கறதையும் தூரத்துல இருக்கற மாதிரிதான் காட்டும். நீ பாத்துச் சொல்லு."

நான் சொன்னது பாடப் புத்தக உண்மை. இந்தக் கண்ணாடி மாட்டியவர்கள் எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டியது. அதை மட்டும் நம்பாமல் ஒருமுறை தலையைத் திருப்பியும் பாருங்கள்.

அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு கழுத்தை முழுசாகத் திருப்பினாள்.

"இருங்க..."

லாரி எங்களை உரசுகிற மாதிரி கடந்து போனது.

"போலாங்க."

மண்டப வாசலில் நிறுத்தியதும், ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினாள். பூவைச் சரிசெய்தாள். பொட்டைப் பார்த்துக்கொண்டாள். திருப்பி வைக்கவில்லை. நானும் வைக்கச் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்கக் கண்ணாடி அவளுடையது. இடது பக்கமும் அவளுடையது. தேவையில்லாத தெருக்களில் எல்லாம் இடது பக்கம் திரும்பினேன்.

கேட்டேனா? கல்யாணம் முடிந்து திரும்பும்போது, சூலூர் தாண்டியதும் கேட்டேன். இங்கேயே இருந்தர்றயா, அம்மணி?

சேலைத் தலைப்பை எடுத்து மடியில் வைத்துத் தடவினாள். பிறகு சொன்னாள்.

"பாப்பா என்ற சேலயப் புடிச்சாத்தானுங்க தூங்குது."

எனக்கு மட்டும் தூக்கம் வருகிறதா? அதைச் சொல்லவில்லை. டயரில் காற்றுக் குறைந்த மாதிரி இருக்கிறது என்று சொல்லி, அடுத்த பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். சூடான டயரில் காற்றுப் பார்க்கக் கூடாது என்று மேலேதான் எழுதியிருக்கிறேன். அன்றைக்குப் பார்த்தேன். நாலு டயரிலும். இறங்கி நிற்க ஒரு காரணம் வேண்டியிருந்தது.

வாரக் கடைசியில் மாப்பிள்ளை வந்தார். அவர் காரில் உட்கார்ந்துகொண்டு அம்மணி சொன்னாள்:

"பாப்பாவ ஸ்கூல்ல சேத்தீட்டு வந்தர்றனுங்க. அது வரைக்கும் எடது பக்கம் திரும்பாமயே ஓட்டுங்க."

மாப்பிள்ளை ஏதோ ஜோக் என்று சிரித்து வைத்தார். நான் யோசித்துப் பார்த்தேன். வலது பக்கமாகவே திரும்பிக்கொண்டிருந்தால் சுற்றிச் சுற்றி என் வாசலுக்கே வந்து நிற்பேன்.

பஸ்ஸில் கேட்டவருக்கு வருகிறேன். ஓட்டாத வண்டியில் பேட்டரி இறங்கிவிடும். அதனால் தினமும் காலையில் போர்ட்டிகோவிலேயே இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பேன். இடது பக்கக் கண்ணாடி அவள் திருப்பி வைத்தபடியே இருக்கிறது. என் சீட்டிலிருந்து பார்த்தால் அதில் ரோடு தெரியாது. பின் கதவும், அதற்குள் காலி சீட்டும்தான் தெரியும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இன்ஜினை அணைத்துவிடுவேன்.

எல்லாக் கண்ணாடிகளையும் ஓட்டுகிறவர் பார்வைக்குத் திருப்பி வைத்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும். இது விதி. கையை நீட்டினால் ஒரு நொடி வேலை.

நான் விதியை மீறுகிறவன் இல்லை. அதனால்தான் டவுன் பஸ்.